டாங்கித் தடத்தில் தேங்கிய நீர்

கொடிக்கம்பத்தில் இன்று சிவப்பு இல்லை.
அப்படியென்றால் போகலாம்.
கொடி ஏறினால் சமவெளி அவர்களுடையது.
இறங்கினால் முயலுக்கும் வானம்பாடிக்கும்
செவ்வாயில் ஞாயிறு கொண்டாடும் எனக்கும்.

வாயிற்பலகை வழக்கம்போல் கத்துகிறது:
உலோகம் எதையும் தொடாதே,
வெடித்து உன்னைக் கொல்லலாம்.
அதற்குக் கீழே, அதே எழுத்தில்:
நாயின் கழிவை அள்ளிச் செல்லவும்.

ஆறு நாள் பேருந்து ஓட்டுகிறேன்.
ஏழாம் நாள் முழங்கால் வரை ரப்பர் காலணி,
குடுவையில் தேநீர்,
காலி ஜாம் பாட்டில் ஒன்று.

மேட்டில் பெவரிட்ஜ் தம்பதி
முக்காலியில் தொலைநோக்கி நிறுத்தி
கானமயிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.
"ஹெஸ்டர், இன்றைக்கும் சேறுதானா?"
ஆமாம், சேறுதான்.
எல்லாருக்கும் வானம் போதுகிறது,
எனக்குக் கழுத்து வலி.

சென்ற மாதம் அறுபது டன் இரும்பு
திரும்பிய இடத்தில் ஒரு பள்ளம்.
மழை பெய்தது. பள்ளம் குளமானது.
நீளம் என் கட்டில் அளவு,
ஆழம் ஒரு சாண்.
குனிந்தால் முதலில் என் முகம் தெரியும்,
பொறுத்தால் முகம் விலகி
அவை தெரியும்:

தேவதை இறால்கள்.
கண்ணாடியில் செய்த உடம்பு,
வாலில் மட்டும் யாரோ தொட்டு வைத்த சிவப்பு.
மல்லாந்து நீந்துகின்றன,
பதினொரு இணைக் கால்களும் மேல்நோக்கி அலைய,
வானத்தைத் தரையென்று நம்பியவை போல.
வெயில் நீரைக் குடித்துவிட்டால் இவை இறக்கும்.
முட்டைகள் இறக்காது.
காய்ந்த சேற்றில் வருடக்கணக்காய்
மழைக்காகக் கிடக்கும்.

மூன்றைப் பாட்டிலில் எடுத்து
வெளிச்சத்தில் பிடித்திருந்தபோது
தரை அதிர்ந்தது.
குளத்தில் வட்டங்கள்.

குண்டு போடாத பயிற்சிதான்,
ஆனாலும் டாங்கி டாங்கிதான்.
பத்தடி தள்ளி நின்றது.
மூடியைத் திறந்து எழுந்த தலைக்கு
இருபது வயதிருக்கும்.
தாடையில் பரு. மார்பில் பெயர்: ட்ரெகியர்.
"மேடம், வழியில் நிற்கிறீர்கள்."
பாட்டிலை நீட்டினேன்.
இறங்கி வந்தான், மண்டியிட்டான்,
தலைக்கவசத்தைக் கழற்றினான்,
ஏதோ கோயிலுக்குள் வந்தவன் போல.

வானொலி கரகரத்தது: ஏன் நின்றாய்?
"இறால்" என்றான்.
மறுமுனை கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு: மறுபடி சொல்.

"சுற்றிப் போகிறேன்" என்றான் என்னிடம்.
வேண்டாம், நடுவிலேயே போ என்றேன்.
நகைக்கிறேன் என்று நினைத்தான்.
சொன்னேன்: நீ ஏறாத பள்ளத்தைப்
புல் ஐந்தே வருடத்தில் மூடிவிடும்.
முன்பு மாட்டுக்கூட்டம் மிதித்துத் திறந்து வைத்தது,
இப்போது நீங்கள்.
உன் சங்கிலிப் பட்டையில் ஒட்டும் சேற்றில்
முட்டைகள் ஏறிக்கொள்ளும்.
அவற்றுக்குச் சிறகில்லை. உன்னைத்தான் பிடித்திருக்கின்றன.

"இவை?" என்றான், நீந்துபவற்றைக் காட்டி.
சில சாகும்.
"பார்த்துவிட்டேனே" என்றான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூடி சாத்தப்பட்டது.
அவ்வளவு பெரிய இயந்திரம்
அவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை.
என் குளம் இரண்டாய்ப் பிளந்து
தேநீர் நிறமாகி
கரையேறி என் காலணியை நனைத்தது.
கிழக்கே அடுத்த பள்ளம் வரை
ஈரமாய் ஒரு கோடு.

கலங்கல் தெளிய ஒரு மணிநேரம்.
அதுவரை பாட்டிலை மடியில் வைத்திருந்தேன்.
பிறகு மூன்றையும் ஊற்றினேன்.
வேறு எதுவும் அசைந்ததா என்று
உறுதியாகச் சொல்ல மாட்டேன்.
மேட்டில் பெவரிட்ஜ் தம்பதிக்கும்
கானமயில் வரவில்லை.

வெள்ளி இரவு கடைசி நடையில்
முகாம் நிறுத்தத்தில் எட்டுப் பேர் ஏறினார்கள்,
பாதி தூக்கம், காலணியெல்லாம் வெள்ளைச் சேறு.
அவன் இருந்தானா, விளக்கில் தெரியவில்லை.
பணிமனையில் துடைப்பத்தோடு
கொஞ்சநேரம் நின்றேன்,
இருக்கைகளுக்கு நடுவே
அந்தச் சுண்ணாம்புச் சேற்றைப் பார்த்தபடி.

பிறகு பெருக்கினேன். பேருந்து பேருந்துதான்.
ஆனால் வாரியதைக் குப்பையில் போடவில்லை.
பழைய ஜாம் பாட்டில் ஒன்று
ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் எப்போதும் கிடக்கும்.